மரைத்தோலும் கத்தி அலகும்: இலங்கை வேட்டை வரலாற்றில் எழுதப்படாத ஒரு கருவி

வேட்டை என்றதும் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது துவக்கு. அடுத்தது நாய். கத்தியை யாரும் நினைப்பதில்லை. இலங்கையின் வேட்டை பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களும் பெரும்பாலும் அப்படித்தான். எந்தத் துவக்கு, எவ்வளவு வெடிமருந்து, எத்தனை யார் தூரம் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், விழுந்த மிருகத்தின் வயிற்றைத் திறந்தவன் யார், தோலை உரித்தவன் யார், அவன் கையிலிருந்த கத்தி எப்படிப்பட்டது என்பவற்றை ஓரிரு வரிகளுக்கு மேல் எழுதவில்லை. எழுதியவர் சுட்டவர். உரித்தவருக்கு எழுதும் வழக்கம் இருக்கவில்லை.

அந்த ஓரிரு வரிகளை ஒன்று சேர்த்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. மிருகத்தைத் திறப்பதற்கும் உரிப்பதற்கும் எந்தக் கத்தி ஏற்றது என்று இந்நாட்டு மனிதர் காலத்துக்குக் காலம் தெரிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தெரிவைப் பார்த்தால், அவர்கள் அம்மிருகத்தை எதற்காகக் கொன்றார்கள் என்பது தெரிந்துவிடும். கத்தி அந்த வகையில் ஒரு சாட்சி.

முதலில் வேலையைப் பார்ப்போம். எமது நாடு வெப்ப நாடு. செத்த மிருகத்தின் இரைப்பையிலுள்ள தழை புளித்துக் காற்றுக் கட்டும், வயிறு ஊதும். உடற்சூடு உள்ளே தங்கினால் தொடை எலும்பை ஒட்டிய இறைச்சிதான் முதலில் பழுதாகும். பெரிய ஆண் மரையொன்று இருநூறு கிலோவைத் தாண்டும் என்பதால் அந்தச் சூடு இலகுவில் ஆறாது. எனவே முதல் வேலை குடலை எடுப்பது. வயிற்றுத் தோலில் சிறு கீறல் ஒன்று போட்டு, இடக்கையின் இரு விரல்களை உள்ளே விட்டு, குடலைக் கீழே அமத்திப் பிடித்து, அவ்விரு விரல்களுக்கும் நடுவே கத்தியின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். இந்த இடத்தில் நீண்ட கத்தி ஆபத்தானது. முனை எங்கே நிற்கிறது என்பது கைக்குத் தெரியாது. குடலோ சலப்பையோ கிழிந்தால் இறைச்சி நாறிப்போகும். மானுக்கும் மரைக்கும் பித்தப்பை இல்லை என்பது ஒரு வசதி. மாட்டை அறுப்பவர்கள் அதற்கும் சேர்த்தே பயப்பட வேண்டும்.

அடுத்தது தோல். தோலுக்கும் இறைச்சிக்கும் இடையில் மெல்லிய வெண்சவ்வு இருக்கிறது. நன்றாகத் தெரிந்தவர் அங்கே கத்தியைக் குறைவாகவே பாவிப்பார். பாதி வேலையை மடித்த கை முட்டியே செய்துவிடும். கத்தி தேவைப்படும் இடங்களில், வாய் வளைந்த, முனை மழுங்கலான அலகுதான் நல்லது. கூர்முனை தோலைத் துளைத்துவிடும். மயிர்ப்பக்கத்திலிருந்து அறுத்தால் மயிர் அலகின் கூரைத் தின்றுவிடும் என்பதால் உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். பிறகு மூட்டு மூட்டாகக் கழற்றுவது. மூட்டின் இடம் தெரிந்தவனுக்கு அதற்குக் கோடரி தேவையில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், இந்த வேலைக்கு வேண்டியது நாலு விரற்கடைக்கும் ஒரு சாணுக்கும் இடைப்பட்ட, இலேசான, கூர் நிற்கும் ஓர் அலகு. படத்தில் வேட்டைக்காரரின் இடுப்பில் தொங்கும் பெருங்கத்தி இந்த வேலைக்கு உரியதல்ல. இந்த உண்மையை இந்நாட்டின் மிகப் பழைய வேட்டைக்காரர்களே அறிந்திருந்தார்கள்.

களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாஹியன் குகையிலும், குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலெனக் குகையிலும் கிடைத்த கற்கருவிகள் உலகப் புகழ் பெற்றவை. குவார்ட்ஸ் எனும் வெண்படிகக் கல்லைத் தட்டி உடைத்து எடுத்த சிறு சிறு சில்லுகள் அவை. பல பெருவிரல் நகத்தளவு. சில அதனிலும் சிறியவை. ஓஷான் வெடகேயும் அவரது சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்னர் பாஹியன் குகையில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் குரங்குகளையும் மரஅணில்களையும் வேட்டையாடினார்கள் என்று காட்டியது. மழைக்காட்டு மர உச்சியில் ஓடும் சிறு மிருகங்கள். அவற்றைத் திறக்கவும் உரிக்கவும் நகத்தளவு கல் அலகு போதுமானது. உடைத்த படிகக் கல்லின் விளிம்பு எவ்வளவு கூரானது என்பதை வயலில் காலை வெட்டிக்கொண்ட எந்தக் கமக்காரனும் சொல்வான். 1907இல் எமது குகைகளைத் தோண்டிய சுவிட்சர்லாந்து இயற்கை அறிஞர்களான போல் சரசின், பிரிட்ஸ் சரசின் ஆகிய இருவரும் இத்தகைய கற்கருவிகளை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் அடங்குவர்.

கல்லுக்குப் பின்னர் வந்தது இரும்பு. இரும்பு விடயத்தில் இலங்கைக்கு இருந்த பெயரைப் பற்றி எமது சமூகத்தவர் குறைவாகவே பேசுகிறோம். பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்று மோதும் மலைச்சரிவுகளில், துருத்தி இல்லாமல் காற்றின் விசையாலேயே எரிந்த உலைகள் இருந்தன. கில் ஜூலெஃப் என்ற தொல்லியல் ஆய்வாளர் அவற்றைத் தோண்டி ஆராய்ந்து, அதே போன்ற உலையொன்றைக் கட்டி எரித்தும் பார்த்து, 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். அவ்வுலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்துக்குரியவை. அவற்றில் கரிச்சத்து மிகுந்த உருக்கும் கிடைத்தது. அதே காலப்பகுதியில், 9ஆம் நூற்றாண்டில், பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்கிந்தி, அப்பாஸிய கலீபா அல்முஃதஸிமுக்காக வாள்களின் வகைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஸரந்தீப் வாள்களும் இடம்பெற்றுள்ளன. எமது மலைகளின் உருக்கு அரபு நாட்டு ஆயுதச் சந்தையில் பெயர் சொல்லி அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது போதிய சான்று. வாளுக்குப் பேர்போன உருக்கு வேடனின் அம்புக்கும் கிராமத்தவன் கத்திக்கும் உதவாமலா போயிருக்கும்?

அந்த வேடன் இரும்பைப் பெற்ற விதத்தை எமக்கு எழுதி வைத்தவர் றொபேட் நொக்ஸ். மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டவர். காட்டு வேடர் கொல்லனிடம் அம்பு செய்வித்த முறையை அவர் விவரிக்கிறார். இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். அத்தோடு தமக்கு எந்த வடிவில் அம்பலகு வேண்டுமோ அந்த வடிவில் வெட்டிய இலையொன்றையும் வைத்துவிட்டுப் போவார்கள். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிட்டால் ஓர் இரவில் இருட்டிலிருந்து அம்பு வரவும் கூடும்.

இந்தச் செய்தியைப் பலரும் எடுத்தெழுதுகிறார்கள். வேடரின் கூச்ச சுபாவத்துக்கு உதாரணமாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த இலை. கொல்லன் விற்பதை வேடன் வாங்கவில்லை. தன் வேலைக்கு எந்த வளைவு, எந்த அகலம், எந்த நீளம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதை அளவு மாறாமல் சொல்ல ஒரு வழியும் அவனிடம் இருந்தது. எழுத்தறியாத மனிதன் கொடுத்த துல்லியமான வரைபடம் அது. வேடருக்கு அம்பலகே கத்தியாகவும் பயன்பட்டது. எய்து வீழ்த்திய அதே இரும்பாலேயே மிருகத்தைத் திறந்து இறைச்சியை அறுத்தார்கள். ஆகவே அந்த இலையில் வெட்டப்பட்டது கொல்லும் கருவியின் வடிவம் மாத்திரமல்ல. உரிக்கும் கருவியின் வடிவமும் அதுவே. செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட 'வேடர்' பற்றிய பெருநூலில் இந்த அம்பலகுகளையும் கோடரிகளையும் படங்களோடு பார்க்கலாம்.

வேடர் வாழ்ந்த விந்தனைக் காட்டுக்கும் எமது கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களுக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, 1626ஆம் ஆண்டளவில், கண்டி மன்னன் செனரத் சுமார் 4,000 முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது நாம் பாடசாலையில் படிப்பிக்கும் செய்தி. அவ்வாறு குடியேறியவர்களும் முன்பே அங்கிருந்தவர்களும் வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் வாழ்ந்தார்கள். தவளமாடுகளில் உப்பும் துணியும் இரும்பும் உள்நாட்டுக்குப் போயின. தேனும் மெழுகும் கொம்பும் வத்தல் இறைச்சியும் திரும்பி வந்தன. மரையும் மானும் முயலும் எமது மக்களின் உணவில் சேர்ந்தன. பன்றி சேரவில்லை.

இங்கேதான் கத்தியின் தெரிவில் இன்னொரு விடயம் வந்து சேர்கிறது. முஸ்லிமான வேட்டைக்காரனுக்குக் கத்தி வெறும் வசதிக்கான கருவியல்ல, மார்க்கத்தோடு சம்பந்தப்பட்டது. றாஃபிஃ இப்னு கதீஜ் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம், எதிரியைச் சந்திக்கப் போகும் வேளையில் கையில் கத்தியில்லாவிட்டால் எதனால் அறுப்பது என்று கேட்டது புகாரியில் பதிவாகியுள்ளது. இரத்தத்தை ஓடச் செய்யும் எதனாலும் அல்லாஹ்வின் பெயர் கூறி அறுக்கலாம், பல்லாலும் நகத்தாலும் கூடாது என்பது அதற்குக் கிடைத்த விடையின் கருத்து. கருவியின் பொருள் எதுவாகவும் இருக்கலாம். அதன் கூர்மையில் விட்டுக்கொடுப்பில்லை. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அறிவித்து முஸ்லிமில் பதிவான ஹதீஸ், அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், மிருகத்துக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. வேட்டையைப் பற்றி அதிய்யு இப்னு ஹாதிம் (ரழி) கேட்ட கேள்விகளும் பிரபலமானவை. எறிகருவியின் கூர்ப்பக்கம் பட்டுச் செத்ததை உண்ணலாம். தட்டைப்பக்கம் மோதிச் செத்ததை உண்ணலாகாது.

இந்த அடிப்படையிலேயே பிற்காலத்தில் துவக்குச் சன்னத்தால் செத்த மிருகம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. சன்னம் கிழிக்கிறதா, மோதி நசுக்குகிறதா என்பதே வாதம். எமது நாட்டில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் பலர் இதில் இறுக்கமான நிலைப்பாடு கொண்டிருந்தார்கள். அதனால் எமது கிராமங்களில் வெடி வைத்தவனை விட, விழுந்த மிருகத்தை உயிரோடு எட்டிப் பிடித்து பிஸ்மி சொல்லி அறுத்தவனுக்கே மதிப்பு இருந்தது. கத்தியோடு ஓடுபவன் பிந்தினால் இருநூறு கிலோ மரையும் எவருக்கும் உதவாது.

1950களிலும் 1960களிலும் காட்டுக்குப் போய்வந்த முதியவர் ஒருவரிடம் எமது ஊரில் இதுபற்றி விசாரித்திருக்கிறேன். தாம் இரண்டு கத்திகள் வைத்திருந்ததாக அவர் சொன்னார். ஒன்று அறுக்கிற கத்தி. நேரான வாய், ஒரு சாணுக்கு மேல் நீளம். அதை வேறெந்த வேலைக்கும் தொடமாட்டார். தேங்காய் மட்டை கூட வெட்டமாட்டார். மற்றது உரிக்கிற கத்தி. அதைக் கொல்லனிடம் புதிதாகச் செய்விக்கவில்லை. வருடக்கணக்காகத் தீட்டித் தீட்டித் தேய்ந்து ஒடுங்கிய பழைய வீட்டுக் கத்தியொன்றின் முனையை உரசி மழுக்கிக் கொண்டார். "புதுக் கத்திக்கு மிருகத்தத் தெரியாது மாஸ்டர், தேஞ்ச கத்திக்குத்தான் தெரியும்" என்றார்.

அறுக்கிற கத்தியை அவர் தெரிவு செய்த முறையும் கேட்கத்தக்கது. லொறியின் வில்லுத்தகட்டில் அடித்த கத்திதான் வேண்டும் என்பார். கல்லில் மெல்லத் தட்டினால் மணிச்சத்தம் வர வேண்டும். அடைத்த சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு. தீட்டிய பின் பெருவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் கூர் பிடிக்கவில்லை. நகத்தில் பிடித்து நின்றால் போதும். பிடியைப் பொறுத்தவரை, மினுக்கிய எருமைக்கொம்பு பார்வைக்கு அழகு, கொழுப்புப் பட்டதும் கையை விட்டு நழுவும் என்றார். மான்கொம்பின் சொரசொரப்போ, சாதாரண பாலை மரமோதான் அவருக்குப் பிடித்தது. தீட்டுவதற்கு ஆற்றுக்கல். அரத்தால் உரசினால் கூர் வரும், நிற்காது.

இவ்வளவையும் ஓர் ஏட்டுக் கல்வியும் இல்லாமல் அவர் அறிந்திருந்தார். உலோகவியல் நூல்கள் கரிச்சத்து, பதம், உடையாத தன்மை என்று சொல்வதை அவர் சத்தத்தாலும் நகத்தாலும் அளந்தார். நொக்ஸ் கண்ட இலையின் தொடர்ச்சியாகவே இதை நான் பார்க்கிறேன்.

கிழக்கிலங்கையில் நல்ல உரிப்பு ஒருவனின் உயிரைக் காத்த சந்தர்ப்பமும் உண்டு. ஏறாவூர்ப் பணிக்கர்களைப் பற்றி அறியாத கிழக்கிலங்கையர் இருக்க முடியாது. 1845 முதல் 1850 வரை இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்ட், யானை பிடிப்பதில் வடக்கு, வடகிழக்கு முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்த பணிக்கர்களுக்கு இணையானவர் இல்லை என்று வியந்து எழுதினார். இருவர் மாத்திரம் சேர்ந்து ஒரு யானையைத் தொடர்வார்கள். அவர்களிடம் துவக்கு இல்லை. இருந்த ஒரே கருவி மரைத்தோலாலோ எருமைத்தோலாலோ ஆன வார்க்கயிறு. ஒருவர் யானையின் கவனத்தைத் திருப்ப, மற்றவர் பின்னால் ஊர்ந்து சென்று பின்காலில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்.

அந்த வார்க்கயிற்றைப் பற்றி ஒரு கணம் சிந்திப்போம். நீளமான வார் வேண்டுமென்றால் தோலை விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஒரே பட்டியாக அறுத்தெடுக்க வேண்டும். பின்னர் அவ்வார்களை முறுக்கிக் கயிறாக்க வேண்டும். உரிக்கும்போது கத்தியின் முனை தோலில் ஓரிடத்தில் பட்டு ஒரு சிறு வெட்டு விழுந்தாலும், அந்த இடத்தில் வார் பலமிழந்துவிடும். கண்ணுக்குப் பட்டும் படாமலும் இருக்கும் அந்த வெட்டு, யானை இழுக்கும்போதுதான் வெளிப்படும். அப்போது கயிற்றின் மறுமுனையில் நிற்பவனுக்கு மரத்தைத் தவிர மறைவில்லை. உரித்தவனின் கை நிதானமும் அவன் கத்தியின் மழுங்கிய முனையும் எத்தனை குடும்பங்களைக் காத்தன என்பதை டெனென்ட் எழுதவில்லை. அவர் கண்டது பணிக்கரின் துணிச்சலை. அந்தத் துணிச்சல் ஒரு நல்ல தோலின் மேல் நின்றிருந்தது.

இனி மறுபக்கம். அதே ஆண்டுகளில் அதே இலங்கையில் மிகவும் பேசப்பட்ட வேட்டைக்கத்தி ஒன்று இருந்தது. அது சாமுவேல் பேக்கருடையது. பிற்காலத்தில் நைல் நதி மூலத்தைத் தேடிச் சென்று 'சேர்' பட்டம் பெற்ற அதே பேக்கர்தான். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய அவர், இலங்கையில் றைபிளும் வேட்டைநாயும் கொண்டு தாம் நடத்திய வேட்டைகள் பற்றி 1850களில் நூல் வெளியிட்டார். நாய்கள் மரையைத் துரத்தி ஆற்றுக்குள் மடக்க, பேக்கர் நீரில் இறங்கிக் கத்தியால் குத்திக் கொல்வார். ஆங்கிலேயர் எமது மரையை 'எல்க்' என்று தவறாக அழைத்தனர். அவரும் அப்படியே எழுதுகிறார்.

தம் கத்தியை அவர் ஆசையோடு விவரித்திருக்கிறார். இலண்டன் பிக்கடிலியிலுள்ள பஜெற் என்பவரிடம் சொல்லிச் செய்வித்தது. அலகின் நீளம் ஓர் அடி. மிக அகன்ற இடத்தில் இரண்டு அங்குலம். முனையிலிருந்து மூன்று அங்குலம் வரை இருபுறமும் கூர். மொத்த நிறை மூன்று இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1.36 கிலோ. நிறையும் வடிவமும் சேர்ந்து குத்துக்கும் வெட்டுக்கும் பெரும் விசை தரும் என்பது அவரது பெருமை.

இந்தக் கத்தியை எமது முதியவரின் தேய்ந்த கத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேக்கரின் கத்தியால் குடலைத் திறப்பது வாளால் காய்கறி நறுக்குவது போன்றது. இருபுறக் கூர்முனை விரல்களுக்கிடையில் வைக்கத் தகாதது. தோலை உரிக்கப் போனால் துளைத்துவிடும். அது அவ்வேலைக்காகச் செய்யப்பட்டதே அல்ல. அதன் வேலை மரையின் உயிர் போவதோடு முடிந்துவிடுகிறது. வேடனின் அம்பலகுக்கும் பணிக்கருக்குத் தோல் உரித்தவனின் கத்திக்கும் அந்த நேரத்தில்தான் வேலை ஆரம்பமாகிறது.

பேக்கரைக் கோழை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பாய்ந்தோடும் குளிர்ந்த ஆற்றில் கொம்புள்ள மரையின் முன்னால் கத்தியோடு நிற்பது சிறிய காரியமல்ல. ஆனால் அவருக்கு மரை ஒரு போட்டியாளன். எமது மக்களுக்கு அது உணவு, கயிறு, செருப்பு, பண்டமாற்றுப் பொருள். ஒரே மிருகத்தின் முன்னால் நின்ற இருவர் இரு வேறு கத்திகளைத் தெரிவு செய்தார்கள். வரலாற்றில் இடம்பிடித்தது மூன்று இறாத்தல் கத்தி.

இதன் விளைவு புத்தகங்களோடு நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிருகங்கள் குறைந்து போவது கண்கூடானது. 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் ஒருவரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப்படுகிறார் என்றால் நிலைமையை ஊகிக்கலாம். 1894இல் வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 1900இல் யால ஒரு காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. அதை அடுத்த ஒரு பகுதி நாட்டில் வதியும் வேட்டை விளையாட்டாளர்களுக்கென்று விடப்பட்டிருந்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1938இல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டங்களின் தேவையை நான் மறுக்கவில்லை. இவை இல்லாதிருந்தால் இன்று எமது பிள்ளைகள் மரையைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுமதிப்பத்திரமும் நல்ல துவக்கும் உள்ளவனின் வேட்டை நீண்ட காலம் 'விளையாட்டு' என்றே அழைக்கப்பட்டது. சமைப்பதற்காகக் கொன்றவனின் வேட்டை 'களவு' ஆகியது.

இதன் முழுப் பாரமும் வேடர் மீதே விழுந்தது. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது அவர்களது பரம்பரைக் காடு அதற்குள் அடங்கிவிட்டது. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. தம்பானையின் தலைவர் திசாஹாமி இடம்பெயர மறுத்து அங்கேயே இருந்து 1998இல் காலமானார். பல்லாயிரம் ஆண்டு அறிவு அந்த அம்பலகில் இருந்தது. காட்டுக்குள் அதை எடுத்துச் சென்றால் அது ஒரு தடயப்பொருள் என்ற நிலை வந்தது. காட்டை அழித்தவர்கள் அவர்களல்லர் என்பதை யாவரும் அறிவர்.

இன்று மரையையோ மானையோ வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். அது அப்படியே இருக்கட்டும். மீண்டும் காட்டுக்குப் போவோம் என்று எவரையும் தூண்டுவதற்காக இதை எழுதவில்லை. வேலை போனது போல வேலையின் அறிவும் போய்விட வேண்டுமா என்பதே என் கேள்வி. ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில் உழ்ஹிய்யாத் தோல்களைப் பார்க்கிறோம். கத்தித் துளைகளோடு, அங்குமிங்கும் இறைச்சி ஒட்டியபடி குவிந்து கிடக்கின்றன. உரிக்கும் இளைஞர்களின் கையில் கடையில் வாங்கிய கூர்முனைக் கத்தி. முனையை ஏன் மழுக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அவர்களுக்கு முந்திய தலைமுறைக்கு அது தெரிந்திருந்தது.

1877இல் திறக்கப்பட்ட கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால், கண்டிக் காலத்துக் கத்திகளின் முன்னால் அவர்கள் நெடுநேரம் நிற்பார்கள். தந்தப் பிடி, வெள்ளி வேலைப்பாடு, பித்தளைப் பூ. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் பாராட்டிய கம்மாளரின் கைத்திறன் அது. பார்க்கப்பட வேண்டியதுதான். ஆனால் அவை பிரதானிகளின் இடுப்பை அலங்கரித்தவை. மரையின் வயிற்றைத் திறந்த கத்திக்குத் தந்தப் பிடி இருந்ததில்லை. அது தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் முறிந்து, பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்தது.

எமது ஊர்களில் இன்னும் சில முதியவர்கள் இருக்கிறார்கள். கத்தியின் ஒவ்வொரு பகுதிக்கும் தீட்டும் ஒவ்வொரு முறைக்கும் அவர்கள் தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல அகராதிகளில் இல்லை. ஏறாவூரிலும் மூதூரிலும் முசலியிலும் பொத்துவிலிலும் இச்சொற்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. இவ்விதழை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் ஊர்களில் ஒரு பின்னேரத்தை இதற்கென ஒதுக்கி, அச்சொற்களையும் கத்திகளின் அளவுகளையும் எழுதி எடுத்தால், கத்தி கிடைக்குமிடத்தில் அதை ஒரு தாளில் வைத்துச் சுற்றிவர வரைந்து கொண்டால், அடுத்த தலைமுறைக்கு அது ஓர் ஆவணமாகும். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இதை ஓர் ஒப்படையாகவும் கொடுக்கலாம். முதியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.